‘எல்லாரும்’ என்ற வரி

கடிதம் போய்விட்டது என்று திரையின் அடியில் அறிவித்தல் வந்த பிறகுதான் ஜெயகௌரி அதன் மேல்வரியைப் பார்த்தாள். பெறுநர் என்ற இடத்தில் தங்கச்சி வினோஜாவின் பெயர் இல்லை. ‘எல்லாரும்’ என்று இருந்தது.

எல்லாரும் என்றால் கந்தோரில் இருந்த மற்ற மூன்று பேர். பணிப்பாளர் சீவரத்தினம், கிணறுகளை அளக்கப் போகும் ஜெறோம், ஆய்வுகூடத்துப் பத்மாசினி. கடிதத்தில் அவள் எழுதியிருந்ததும் அந்த மூன்று பேரைப் பற்றித்தான்.

பண்டத்தரிப்பில் ஒரு கல்வீட்டின் முன்பாதியில் நடந்த நிலத்தடி நீர் ஆய்வுக் கந்தோர் அது. கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று மாதாமாதம் அளந்து எழுதுவது வேலை. போன வருடம் பரிசு விழுந்திருப்பதாக வந்த ஒரு மின்னஞ்சலை யாரோ திறக்கப்போய், நான்கு கணினிகளும் ஒரு கிழமை படுத்துவிட்டன. திறந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு பணிப்பாளர் கட்டளை போட்டார். இனிக் கந்தோர்க் கடிதங்கள் எல்லாம் எழுத்து மட்டும் தெரிகிற ஒரு மின்னஞ்சல் செயலியில்தான். படம் இல்லை, விளம்பரம் இல்லை, சுட்டிக்கும் வேலை இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அடியில் இரண்டு வரிக் குறிப்பு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று நாலு பக்க விளக்கம் அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வைத்தார்.

ஜெயகௌரி அந்த நாலு பக்கத்தையும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். நாற்பத்திமூன்று வயதிலும் ஒரு சுற்றறிக்கை வந்தால் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பாள். ‘சீ’யைத் தட்டினால் புதுக் கடிதம், கொன்ரோல் விசையோடு ‘எக்ஸ்’ தட்டினால் கடிதம் போய்விடும். இரண்டு கிழமையில் விரல்களுக்குப் பழகிவிட்டது. கந்தோர் வேலைக்கு மட்டுமல்லாமல், மெல்பேர்னில் இருக்கிற வினோஜாவுக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதத் தொடங்கினாள். போனில் கதைத்தால் சாப்பாட்டையும் வெயிலையும் தாண்டிக் கதை போகாது. அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்து ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது, எழுத நினைக்காததெல்லாம் வந்து விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் விழுந்தது. முகவரிப் பட்டியலில் தனி ஆட்கள் மேலே இருப்பார்கள். கூட்டமாக அனுப்புகிற முகவரி கடைசி வரி. வினோஜாவின் பெயர் அதற்கு நேர்மேலே. கீழ்நோக்கும் அம்பை ஜெயகௌரி ஒரு தட்டு அதிகமாகத் தட்டியிருக்கிறாள்.

விளக்கத்தின் மூன்றாம் பக்கத்தில் அழிப்பது எப்படி என்று இருந்தது. அனுப்பியவை என்ற பெட்டியைத் திறந்து கடிதத்தின் மேல் ‘டீ’யைத் தட்டினாள். ஓரத்தில் ஒரு ‘டீ’ விழுந்தது. நிரந்தரமாக நீக்கவா என்று செயலி கேட்டது. ஓம் என்றாள். கடிதம் மறைந்தது. மூச்சு வந்தது. பிறகுதான் அடுத்த வரியை வாசித்தாள்: இதனால் அழிவது உங்களிடம் இருக்கும் பிரதி மட்டுமே.

இப்போது அந்தக் கடிதம் அவளைத் தவிர எல்லாரிடமும் இருந்தது. என்ன சொல்லில் எழுதினோம் என்று திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.

உடனே இன்னொன்று எழுதினாள். ஒரு மணி பத்துக்கு நான் அனுப்பிய கடிதம் தவறுதலாக வந்தது, தயவுசெய்து வாசிக்காமல் அழித்துவிடுங்கள். அது போன பிறகு ஒரு நிமிடம் யோசித்தாள். வாசிக்காதே என்று யாராவது தனக்கு எழுதியிருந்தால், தான் முதலில் எதைத் திறந்திருப்பாள்?

ஜெறோம் தொண்டைமானாற்றுப் பக்கம் போயிருந்தார். பணிப்பாளரின் அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். அன்றைக்கு அந்தச் சுருக்கத்துக்கு அர்த்தம் வந்துவிட்டது.

நேரிலேயே மன்னிப்புக் கேட்பதென்று முடிவெடுத்து, முதலில் பத்மாசினியிடம் போனாள். அவள் தண்ணீர் மாதிரிகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“பத்மா, நான் அனுப்பினதைப் பார்த்தனீரோ?”

பத்மாசினியின் கை ஒரு கணம் நின்றது. “ஓம்... பார்த்தன்.”

“கோவமோ?”

“கோவம் வராமல்? எழுதினதை உம்மடை வாயாலை ஒருக்காச் சொல்லும் பாப்பம்.”

அது தனக்குத் தரப்பட்ட தண்டனை என்று ஜெயகௌரி விளங்கிக்கொண்டாள். குனிந்தபடி சொன்னாள். பத்மாசினி தினமும் கொண்டுவந்து பங்குபோடுகிற கத்தரிக்காய்க் குழம்பைத் தன்னால் வாயில் வைக்க முடிவதில்லை. நாலு வருடமாக நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, அவள் கை கழுவப் போகும்போது மதிலில் இருக்கும் காகங்களுக்கு வைக்கிறாள். இப்போது காகங்களும் சோற்றைக் கொத்திக்கொண்டு குழம்பை விட்டுவிடுகின்றன.

பத்மாசினி போத்தலைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் இலக்கத் துண்டுகளையே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் அது பிடிக்காது,” என்றாள். “இவருக்கு அந்தளவு புளி வேணும். கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் அதையேதான் வைக்கிறன். நீர் ஒவ்வொரு நாளும் நல்லாயிருக்கு எண்டு சொல்லச் சொல்ல, என்ரை நாக்கிலைதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஜெயகௌரி வெளியே வந்தபோது கொஞ்சம் துணிவு வந்திருந்தது. அந்தத் துணிவோடு பணிப்பாளரின் அறைக்குள் போனது பிழையாகிவிட்டது.

சேர், நான் அனுப்பின கடிதம் என்று தொடங்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்த்ததாகச் சொன்னார். அப்படி எழுதியிருக்கக் கூடாது என்று அவள் சொன்னபோது, “எந்த இடத்தைச் சொல்லுறீர்?” என்று கேட்டார்.

எந்த இடம் என்று கேட்டால் பல இடங்கள் அவரைச் சுட்டிருக்கின்றன என்றுதானே அர்த்தம். முதலில் பெயரைச் சொன்னாள். ஆறு வருடமாக அவர் அவளை ஜெயகுமாரி என்றே கூப்பிடுகிறார். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு திருத்துவதற்கு அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“வேறை?” என்றார் அவர்.

அம்மா செத்து ஏழு நாள் லீவில் நின்றபோது அவர் போன் எடுத்ததையும், ஆடி மாத அறிக்கை பிந்துமோ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்ததையும் சொன்னாள். வலிகாமத்தில் எந்தக் கிணறு எந்த மாதம் உப்பானது என்று பாடமாகச் சொல்கிற மனிசனுக்கு, பத்தடி தள்ளி இருக்கிற ஆளைத் தெரியாது என்று எழுதியிருந்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

“வேறை?”

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கடிதத்தின் கடைசிப் பந்தியும் அவர் கண்ணில் பட்டிருக்கும் என்ற நினைப்பில், உடுவிலில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்திருப்பதையும் மாத முடிவில் போகப் போவதையும் சொன்னாள்.

சீவரத்தினம் கண்ணாடியை மாட்டவில்லை. அது இல்லாமல் அவருடைய முகம் வேறு யாரோ ஒருவருடையதுபோல இருந்தது.

“அம்மாவின்ரை பேர் என்ன?”

“மனோன்மணி.”

அவர் மேசையில் கிடந்த தாளில் அதை எழுதினார். அதன் கீழே ஜெயகௌரி என்றும் எழுதினார். பிறகு போகலாம் என்று தலையை ஆட்டினார்.

ஜெறோமைத் திங்கட்கிழமைதான் பிடிக்க முடிந்தது. குருநகர்க்காரர். ஐம்பத்தெட்டு வயது. மோட்டார் சைக்கிளில் அளவு கருவிகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கடிதம் என்ற சொல்லைக் கேட்டதுமே, வாசித்தேன் பிள்ளை, கிடக்கட்டும் என்று ஸ்ராண்டைத் தட்டினார். அவள் விடவில்லை. இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு மூன்றாவது ஆளிடம் கேட்காமல் விட்டால் நித்திரை வராது. அவர் வெள்ளிக்கிழமைகளில் கிணறு அளக்காமல் செல்வச்சந்நிதிக் கோயிலில் அன்னதானத்துக்குப் போய் இருந்துவிட்டு, அளவுகளை மரநிழலில் இருந்து எழுதுகிறார் என்று எழுதியது தவறு என்றாள்.

ஜெறோம் மோட்டார் சைக்கிளை மறுபடி ஸ்ராண்டில் போட்டார்.

“சாப்பிடப் போறனான்தான்,” என்றார். “விடிய ஆறு மணிக்கே கிணறெல்லாம் அளந்து போடுவன். மனிசி போனாப் பிறகு வீட்டிலை நான் தனிய. அங்கை இலைக்கு முன்னாலை இருந்தால், பக்கத்திலை ஆரும் ஒராள் இருப்பினம்.” கருவிப் பையின் வாரை ஒருமுறை அவிழ்த்துக் கட்டினார். “பதினேழாம் நம்பர்க் கிணத்தை மட்டும் ரெண்டு மாசமா அளக்கேல்லை. அந்த வீட்டு நாய் விடாது. மதிலுக்கு வெளியிலை நிண்டு எழுதிப்போட்டன். அதையும் எழுதினனியோ?”

அதை எழுதவில்லை என்றாள். அவர் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது.

அடுத்த இரண்டு நாளும் கந்தோர் விநோதமாக இருந்தது. பத்மாசினி கீரையும் இடிச்ச சம்பலும் கொண்டுவந்தாள். முதல் வாயைத் தான் வைத்து, கண்ணை மூடி ருசி பார்த்துவிட்டுத்தான் ஜெயகௌரிக்குப் போட்டாள். வீட்டில் புளி குறைந்ததைப் பற்றி ஒரு சண்டை நடந்ததாம். தான் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொன்னாள். ஜெறோம் முழங்கால் வரை சேறும் கிழிந்த காற்சட்டையுமாக வந்து, பதினேழாம் கிணற்றின் சரியான அளவைப் பணிப்பாளரின் மேசையில் வைத்தார். பணிப்பாளர் ஒரு வசனத்துக்குள் மூன்று தரம் ஜெயகௌரி என்றார். தேத்தண்ணி வேண்டுமா ஜெயகௌரி, எனக்கும் வேண்டாம் ஜெயகௌரி என்று அவர் தனியாகப் பழகிக்கொண்டிருந்தது கதவுக்கு வெளியேயும் கேட்டது. ஒரு பின்னேரம் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். அவள் சொல்லி முடிக்கும் வரை நின்றார்.

புதன்கிழமை வீட்டுக்குப் போய் ஜெயகௌரி நெடுநேரம் யோசித்தாள். தங்களைப் பற்றி இன்னொருத்தி எழுதியதை எழுத்தெழுத்தாக வாசித்திருக்கிறார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. அவளைச் சொல்லவைத்து, கேட்டு, தங்களிடம் இருந்ததையும் எடுத்து வைத்தார்கள். அதே இடத்தில் தான் இருந்திருந்தால் அந்தப் பெரிய மனது தனக்கு வந்திருக்குமா? வராது என்று அவளுக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட மூன்று பேரைக் குழம்பையும் கோயில் சாப்பாட்டையும் வைத்து எடைபோட்டோமே என்று வெட்கப்பட்டாள். மறுநாள் காலையில் உடுவிலுக்குப் போன் எடுத்து, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று பத்து மணிபோல அடைக்கலநாதன் வந்தார். கந்தோருக்கு அந்த மின்னஞ்சல் செயலியை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஜெயகௌரி தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஒருவருக்கும் கேட்காமல் மெதுவாக விசாரித்தாள். தவறுதலாக அனுப்பிய ஒரு கடிதத்தை மற்றவர்களின் பெட்டிகளிலிருந்து எடுத்துவிட வழி இருக்கிறதா? மன்னித்துவிட்டார்கள், ஆனாலும் அது அங்கே கிடப்பது அவர்களுக்கு மரியாதை இல்லை.

அடைக்கலநாதன் அவளுடைய கதிரையில் இருந்து ஏதோ தட்டினார். கறுப்புத் திரையில் நான்கு பெயர்கள் வந்தன. ஒன்றுக்கு நேரே மட்டும் நிறையத் திகதிகள் இருந்தன. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பணிப்பாளரின் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் இதை அமைச்சுத் தந்த நாளிலை இருந்து உங்களைத் தவிர ஒருத்தரும் உள்ளுக்கை வரேல்லை, மிஸ், இந்தக் கிழமைதான் மூண்டு பேரும் ஆளுக்கு ஆள் தெரியாமல் எனக்குப் போன் எடுத்து, இந்தப் பெட்டியை எப்பிடித் திறக்கிறது எண்டு கேட்டவை.”