நான் முகத்துவாரம் வெட்டிய கதை

படிக்காதவன் ஒரு தப்புச் செய்தால் அது தப்போடு முடிந்துவிடும். படித்தவன் செய்தால் கூடவே ஒரு விளக்கமும் வரும். அந்த விளக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். என் இருபத்தோராவது வயதில் விலங்கியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, வேலை எதுவும் கிடைக்காமல், கையில் விளக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. பட்டதாரி இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். காய்ச்சலுக்கு என்ன மருந்து என்றுகூட என்னிடம் கேட்டார்கள். (நானும் சொன்னேன்.)

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசியில் என் அக்கா சரோஜாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வாலாஜாபாத். சம்பந்தி அங்கே அரிசி மில்லில் மேஸ்திரி. வியாழக்கிழமை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சம்பந்திகளுக்கு அசைவ விருந்து என்று பேச்சு. தாலி கட்டிய அன்று மாலை, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சம்பந்தி, எப்போதோ கடலோரத்து உறவுக்காரர் வீட்டில் கொடுவா மீன் சாப்பிட்டதைப் பற்றிச் சொன்னார். அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லையாம். அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் கடலோர உப்பங்கழிகள் நிரம்பும். கழிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டு உடையும். நல்ல தண்ணீரின் வாசனை பிடித்துக்கொண்டு கொடுவா கூட்டமாகக் கடலிலிருந்து கழிக்குள் நுழையும் என்று கால் மணி நேரம் பேசினேன். கடைசியில், “ஞாயித்துக்கிழமை உங்க எலையில கொடுவா இருக்கும் மாமா” என்று முடித்தேன். சம்பந்தி முகம் மலர்ந்தது. என் அப்பா முகத்தில் பெருமை. அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என்னோடு இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் அவள்.

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, செங்கல்பட்டில் மாறி, பத்து மணிக்கெல்லாம் கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் போய் இறங்கினேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் யாருக்காவது ஞாபகம் இருக்கலாம்.

கழி தளும்பத் தளும்ப நிரம்பியிருந்தது. கடல் தள்ளி, கீழே இருந்தது. நடுவே மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு மணல்திட்டு. அதன் மேல் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை. அந்தக் குப்பத்துக்குப் பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை. என் ஊர், தெரு, பட்டம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கொடுவா எங்கே என்று கேட்டேன்.

“வெளிய கடல்ல நிக்குதுபா. இன்னும் தொறக்கல” என்றார் ஏழுமலை.

செவ்வாய்க்கிழமை அமாவாசை. அன்றைக்குக் கடல் நன்றாக ஏறிவரும். ஏறி நிற்கிற நேரம் பார்த்து ஊரே சேர்ந்து திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறக்கும். அப்போதுதான் கழித் தண்ணீர் ஓடிப்போகாது, மீன் உள்ளே வரும் என்று பொறுமையாகச் சொன்னார். நல்ல மனிதர். நான் அவருக்கு மீன்களின் நடமாட்டத்தைப் பற்றி மணலில் படம் போட்டு விளக்கினேன். பிறந்ததிலிருந்து அந்த மீனைப் பிடிப்பவருக்கு. அமாவாசை என்பதெல்லாம் பழைய நம்பிக்கை, மீனுக்கு வேண்டியது நல்ல தண்ணீரின் வாசனைதான் என்றும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட வருகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு குச்சி நட்டிருந்தது. குச்சிக்குப் பக்கத்தில் ஒரு மண்வெட்டி கிடந்தது.

சம்பந்தியின் வாழையிலை கண் முன்னால் வந்தது. ஒரு சின்ன வாய்க்கால் போதும், கொஞ்சம் வாசனை போனால் நாலு மீன் வராதா என்று தோன்றியது. ஒரு முழ அகலத்துக்கு வெட்டினேன். கால் மணி நேர வேலை. கழித் தண்ணீர் சமர்த்தாக ஒரு கோடு போல இறங்கிக் கடலைத் தொட்டது. நான் கரையில் நின்று கொடுவாவுக்காகக் காத்திருந்தேன்.

அந்தக் கோடு வாய்க்கால் ஆயிற்று. வாய்க்கால் இரண்டு பக்கமும் மணலைத் தின்ன ஆரம்பித்தது. மண்ணைப் போட்டு மூடப் பார்த்தேன். போட்ட மண்ணோடு மண்வெட்டியும் போயிற்று. என் செருப்பும் போயிற்று. நான் நின்ற கரை இடிந்து, இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, எப்படியோ குச்சியைப் பிடித்துக்கொண்டேன். (குச்சியும் வந்துவிட்டது.) வண்டிப் பாதை அகலத்துக்குக் கழி கடலுக்குள் கொட்டியது. உள்ளேயிருந்து எறாவும் மடவை மீனும் என் கால்களை உரசிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. புத்தகத்தில் மீன் உள்ளே வருவதாகத்தான் போட்டிருந்தது.

இரைச்சல் கேட்டுக் குப்பமே ஓடி வந்தது. என்னை யாரும் அடிக்கவில்லை. அதற்கு நேரமில்லை. வலை, கூடை, பழைய புடவை என்று கையில் கிடைத்ததையெல்லாம் உடைப்பின் குறுக்கே பிடித்தார்கள். அஞ்சலை ஒரு வலையின் முனையை என் கையில் திணித்தார்.

“யாருப்பா உன்னத் தொறக்கச் சொன்னது?”

விஞ்ஞானப்படி என்று ஏதோ ஆரம்பித்தேன்.

“அந்த விஞ்ஞானத்த இங்க வந்து போன எறாவப் புடிச்சுக் குடுக்கச் சொல்லு. கைய விட்டியோ, உன்னையும் சேத்து கடல்ல வுட்டுடுவேன்.”

பொழுது சாயும் வரை வலைக்கம்பு மாதிரி நின்றேன். பாதி எறாவைத் தடுத்தோம், பாதி போய்விட்டது. சாயங்காலம் கடல் கொஞ்சம் ஏறியது. ஏறியது போதவில்லை. கொடுவா ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த வருஷப் பிழைப்பு முழுவதையும் அந்தக் கழியை நம்பி வைத்திருந்தவர்கள் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஏழுமலை வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தார். புறப்படும்போது அஞ்சலைதான், வெறுங்கையோடு போகிறானே என்று, செய்தித்தாளில் கொஞ்சம் கருவாடு மடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறுங்காலோடு வீடு வந்தேன். மீன் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. நான் கொண்டு வருவேன் என்று நம்பி வீட்டில் வேறு கறி எதுவும் எடுக்கவில்லை. அம்மா கருவாட்டை வாங்கி, கத்தரிக்காயோடு குழம்பு வைத்தாள். பதினெட்டு பேர் உட்கார்ந்த பந்தியில் சம்பந்தி இலையிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொடுவா ரொம்பப் படிச்சிருக்கும்போல. எளச்சிப் போயி இருக்குது” என்றார்.

பந்தி சிரித்தது. மாப்பிள்ளைக்குப் புரை ஏறியது. அக்கா மோரை எனக்கு ஊற்றாமல் அடுத்த இலைக்குப் போனாள்.

விஷயம் அதோடு அடங்கியிருக்கும். கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அம்மா மீன் வாங்கப் போய்விட்டு, சிரித்துக்கொண்டே வந்தாள். மார்க்கெட்டில் கடலோரத்து அம்மா ஒருத்தி, கூடையை வைத்துக்கொண்டு ஒரு கதை சொன்னாளாம். அடித்த மழையில் கழி மறுபடி நிரம்பி, பௌர்ணமிக்கு வெட்டி, நல்ல மீன் கிடைத்ததாம். அதனால்தான் இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறதாம். நான் மூச்சு விட்டேன். அம்மா தொடர்ந்தாள்.

“எவனோ ஒரு மண்டுப் பையன், அமாவாசைக்கு முன்னாடியே போயி வெட்டி, ஊர் மீனையெல்லாம் கடலுக்கு அனுப்சிட்டானாம். குச்சியப் புடிச்சிக்கினு நின்னானாம். கேட்டா பி.எஸ்சி.யாம்...”

அங்கே அம்மாவின் சிரிப்பு நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பிறகு, “அதான் செருப்பு இல்லாம வந்தியா” என்றாள்.

அடுத்த பஸ்ஸில் செய்தி வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவசரத்துக்கு வேறு பெயர் கிடையாது. வேகாத இட்லியை எடுத்தால், ஜாதகம் வருவதற்கு முன்னால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தால், “முகத்துவாரம் வெட்டாதே” என்பார்கள். வருஷா வருஷம் ஐப்பசியில் நான் ஏழுமலை வீட்டுக்குப் போய்வந்தேன். மூன்றாவது வருஷம்தான் அவர் என்னோடு பேசினார். மண்வெட்டியை மட்டும் என் கண்ணில் படாமல் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

பிறகு எனக்கும் கல்யாணமாகி, மனைவி மாசமாக இருந்தாள். நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னாலேயே மகள் பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றுகொண்டிருக்க, தாயும் சேயும் நலம் என்று செவிலி வந்து சொன்னாள். வாலாஜாபாத் சம்பந்தி என் தோளில் கை வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“உம் பொண்ணு மட்டும் அமாவாசைக்குக் காத்துக்கினா இருக்கும்?”

மகளுக்கு இப்போது பேரன் பிறந்துவிட்டான். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், காப்பிக்கு முன்னால் இந்தக் கதையை அவள்தான் சொல்கிறாள். என்னைக் குச்சியோடு எழுந்து நின்று காட்டச் சொல்கிறாள். நானும் நிற்கிறேன்.