ஆண் செடிக்கு ஓர் அறை, பெண் செடிக்கு ஓர் அறை

நிர்வாகம் என்னும் உயரிய கலையை முதலில் கண்டறிந்தது மனிதன் அல்ல. கோரை போலவே இருந்தும் கோரையில் சேராத ஒரு பூச்செடிக் குடும்பம். அதன் இலைகள் சுருங்கி, வெறும் உறைகளாகத் தண்டைக் கட்டிக்கொண்டு "பதவி" வகிக்கும். வெயிலில் நின்று உணவு சமைப்பது முழுக்கத் தண்டின் பாடு.

இந்த மகத்தான குடும்பத்துக்கென்றே நடந்த ஆராய்ச்சி நிலையத்தில், ஊர்விட்டு வந்த ஒருத்தி ஒப்பந்த உதவியாளராக இருந்தாள். இந்தப் பருவம் செடிகள் விதை கட்டினால் வேலை நீளும். இல்லையென்றால் அவள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இச்செடியில் ஆண் தனி, பெண் தனி, சாடையும் வேறு. ஆண் கொத்துக்கொத்தாய்த் தொங்கும். பெண் விறைப்பாக நிற்கும். எனவே இரண்டு அறிஞர்கள் ஆளுக்கொன்றை எடுத்து, இரண்டு புதிய இனங்கள் என அறிவித்து, இரண்டு பிரிவுகளின் தலைவர்களாகிவிட்டார்கள். இரண்டு கண்ணாடி அறைகள். நடுவே மூடிய கதவு.

"விதை எங்கம்மா?" என்றார் ஆண் செடிகளை வைத்திருந்த முதல் தலைவர்.

"கதவைத் தெறந்து வச்சாப் போதும் சார். மகரந்தத்தைக் காத்தே கொண்டுபோயிடும்."

"என் பிரிவு மகரந்தம் அவர் பிரிவுக்கா? காத்துக்கு யாரு அனுமதி குடுத்தது?"

அன்று மாலை அம்மாவிடம் போனில் புலம்பினாள்.

"ஆணையும் பொண்ணையும் தனித்தனி ரூம்ல அடைச்சிட்டு, ஏன் இன்னும் விசேஷம் இல்லன்னு என்னையக் கேக்கறாங்கம்மா."

"எந்த வீட்டுலடி இந்தக் கூத்து?"

"வீடு இல்லம்மா, ஆபீசு."

"பயந்துக்கிட்டே இருக்காத. கதவத் தெற."

மறுநாள் மதியம், தலைவர்கள் இருவரும் உண்ட களைப்பில் "ஆழ்ந்து சிந்திக்கையில்", அவள் கதவைத் திறந்து, ஆண் செடிகளுக்குப் பின்னால் மின்விசிறியைச் சுழலவிட்டாள். சில மாதங்களில் பெண் செடிகள் விதை கட்டின.

நிலையமே அதிர்ந்தது. விதை வந்தால் இரண்டும் ஒரே இனம். ஒரே இனமென்றால் ஒரே தலைவர்! எலியும் பூனையுமாக இருந்த இருவரும் ஒரே சோபாவில் அமர்ந்து அவசரக் கூட்டம் நடத்தினார்கள். முடிவு, அறிவியல் வரலாற்றிலேயே துணிச்சலானது: விதைகள் மூன்றாவது இனம். அதற்கொரு மூன்றாவது பிரிவு. தலைவர், முதல் தலைவரின் மச்சான். ஆக, கணக்குப்படி முதலிரண்டு இனங்களும் விதையே கட்டாததால், உதவியாளரின் ஒப்பந்தம் முடிந்தது.

பெட்டியில் துணி அடுக்கியபடியே போன் செய்தாள்.

"அப்போ அந்த விதைக்கு அப்பன் ஆத்தா யாருடி?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லையாம், அம்மா. தலைவர் மட்டும் இருக்காராம்."