பிரிட்டோ நிமிர்த்திய விமானம்

விமானத்தின் இடது சக்கரக் கால் அசையவே இல்லை. பிரிட்டோ டீசல் ஊற்றிப் பார்த்தான், சுத்தியலால் தட்டிப் பார்த்தான், கடைசியில் மாதாவையும் கூப்பிட்டுப் பார்த்தான்.

"இன்னாப்பா, எதுனா அசையுதா?" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார் உலகநாதன்.

"வந்துகினே இருக்குதுங்க ஐயா."

வில்லியனூரில் பைக் மெக்கானிக்காக இருந்த பிரிட்டோ, தன் வாழ்நாளில் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறான். ஆனால் பாகூர் உலகநாதனின் மகன் தமிழ்க்குமரன் காரை எடுத்துக்கொண்டு அவன் கடைக்கே வந்து, "நீதாம்பா வரணும்" என்று கூப்பிட்டபோது எப்படி மறுப்பான்?

"பைக்கு ரிப்பேர் பண்ணாவே மறுநாள் திருப்பித் தள்ளினு வராங்க. உனக்கு ஏரோப்ளேனா?" என்றாள் மனைவி ஸ்டெல்லா. சொல்லிவிட்டு, அவன் விமானத்தருகில் நிற்கும் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்ததும் அவள்தான்.

அது பறக்கிற விமானம் இல்லை. ஏதோ ஒரு பழைய பயிற்சிக் கிளப் ஏலம் விட்டதை உலகநாதன் லாரியில் ஏற்றிவந்து கரும்புக் கொல்லையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். எஞ்சின்கூடக் கிடையாது. மனைவி உயிரோடிருந்தபோது, சாயங்காலத்தில் இருவரும் அதில் ஏறி உட்கார்ந்து டீ குடிப்பார்களாம். இப்போது இடது கால் உள்ளே அமுங்கித் துருப்பிடித்து இறுகிவிட்டதால் விமானம் சாய்ந்து நின்றது. வயதான மனிதரால் ஏற முடியவில்லை.

"நேரா நின்னா போதும் தம்பி. பறக்க வாணாம்" என்றார்.

பைக்கின் முன்பக்க ஷாக் அப்சார்பர் மாதிரிதான் அந்தக் காலும். குழாய்க்குள் குழாய், உள்ளே எண்ணெயும் காற்றும். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்த பிரிட்டோ, கேஸ் வெல்டிங் விளக்கைப் பற்றவைத்துக் காலைச் சூடேற்றினான்.

கால் அசைந்தது. ஆனால் கீழ்நோக்கி. உள்ளிருந்த ரப்பர் வளையம் கருகி, பழைய எண்ணெய் பீய்ச்சி அவன் முகத்தில் அடித்தது. விமானம் இன்னும் ஒரு சாண் சாய்ந்தது.

"முன்னவிட சாஞ்சா மாதிரி இருக்குதே?"

"அது செட்டாவுதுங்க ஐயா" என்றான் பிரிட்டோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. இந்தக் கால் உயராவிட்டால் என்ன, அந்தக் காலை இறக்கிவிட்டால் சமமாகிவிடாதா? வலது காலின் காற்றைத் திறந்துவிட்டான். விமானம் சமமாகத்தான் ஆனது. ஆனால் பின்பாரம் தாங்காமல் வால் தரையில் உட்கார்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. அடைகாக்கும் கோழியைப் போலிருந்தது.

உலகநாதன் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். "ஏறுறத்துக்கு இது தோதாத்தான் இருக்குது. ஆனா மல்லாந்துதான் டீ குடிக்கணும்" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பிரிட்டோவுக்கு வலித்திருக்காது. எப்படியாவது இந்த மனிதரை ஏற்றி உட்காரவைத்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரைக் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். முதலில் இடது காலில் காற்றை ஏற்றினான். கருகிய ரப்பர் வழியாக எல்லாம் புஸ்ஸென்று வெளியேறியது. துணியைச் சுற்றி, கம்பியால் முறுக்கி, இன்னும் ஏற்றினான்.

"போதும்பா, பயமா இருக்குது."

"இதோ வந்துட்ச்சுங்க ஐயா!"

வந்தேவிட்டது. இறுகியிருந்த கால் ஒரே உதையில் முழுநீளமும் நீண்டது. விமானம் துள்ளி வலப்பக்கம் கவிழ்ந்தது. வலது கால் முறிந்தது. இறக்கை மோட்டார் கொட்டாய்ச் சுவரில் மோதி, அப்பளமாக நொறுங்கியது.

உலகநாதன் கிழிந்து தொங்கிய பின்சீட்டை ஒருமுறை தடவிவிட்டு, வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார். பிரிட்டோ தரையிலேயே உட்கார்ந்தான்.

தமிழ்க்குமரன் கார் வந்து நின்றது. அடிக்கப் போகிறான் என்று பிரிட்டோ கண்ணை மூடிக்கொண்டான். தோளில் ஒரு கை மெதுவாக விழுந்தது.

"வுடு பிரிட்டோ. ஒன்னால முடிஞ்சத நீ செஞ்ச. பாத்து வூட்டுக்குப் போ."

பிரிட்டோவுக்கு அழுகை வந்துவிட்டது. பெத்த அப்பனின் பொருளை நாசமாக்கியவனிடம் இப்படிப் பேச எத்தனை பேருக்கு மனசு வரும்? மூக்கை உறிஞ்சியபடி ஸ்பேனர்களைப் பொறுக்கினான். அப்போது டிராக்டர் ஒன்று கொல்லைக்குள் வந்து மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை இறக்கத் தொடங்கியது.

கரும்புத் தோகையைக் கட்டிக்கொண்டிருந்த கொல்லை வேலைக்காரி தனக்கொடியிடம், "இன்னாது இது?" என்று கேட்டான்.

"மனைக்கல்லுண்ணே. கொல்லைய பிளாட் போடப் போறாங்க. பெரியவருதான், ஏரோப்ளேன் நிக்கிற வரிக்கும் கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிகினு இருந்தாரு."

"ஐயோ! அப்ப நான் சரிபண்ணியிருந்தா கொல்லை தப்பிச்சிருக்கும். என்னப் போய் நம்பினாரே சின்னவரு!"

தனக்கொடி கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஒனக்கு முன்ன மதகடிப்பட்டுலேந்து ரெண்டு பேரு வந்தாங்கண்ணே. வேல தெரிஞ்சவங்களா இருக்கறாங்கன்னு சின்னவரு ரோட்டோடவே திருப்பி அனுப்பிட்டாரு."