பதினான்காவது ஆள்

நெல்லிவாசல்நாடு,
விசுவாவசு ஆண்டு, ஆவணி 14,
30.8.2025, சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருள்மணி அவர்களின் திருமுகத்துக்கு, மைத்துனன் கோபால்சாமி வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடம் நானும் என் இரத்த அழுத்தமும் நலம். அவ்விடம் தாங்களும், என் தங்கை சசிகலாவும், தங்கள் மகளும் மணப்பெண்ணுமான சிவசங்கரியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். 24ஆம் தேதி மாலை 6.10 முதல் என் செல்பேசி எண்ணைத் தாங்கள் தடை செய்திருப்பதால், ஏழாம் வகுப்புக்குப் பிறகு முதன்முறையாக இன்லேண்டு கடிதத்தாளைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

சிவசங்கரியின் நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமனாகிய நான் வராததன் காரணம் மறதியோ மனக்குறையோ அல்ல, மென்பொருள். முப்பத்தைந்து ஆண்டுகள் சென்னையில் நிரல் எழுதி ஓய்வு பெற்று, குளிர்ச்சிக்காக இம்மலைக்கு 11.6.2023 அன்று குடிவந்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மென்பொருள்காரனுக்குச் சொந்த புராஜெக்ட் என்பது சொறி போன்றது. கை ஓய்ந்தால்தான் அரிக்கும். இங்கிருந்து மலையிறங்க சேட்டுவின் ஷேர் ஜீப்தான் வழி. பதினான்கு பேர் நிறைந்தால் புறப்படும். நிறையும்வரை சனங்கள் புளியமரத்தடியில் குந்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். இத்தனை மனித நேரம் வீணாகிறதே என்று பதறி, ஜீப்பில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பதை அவரவர் வீட்டிலிருந்தே பார்க்கும்படி ஒரு செயலி எழுதி, அதை ஸ்டார்ட்அப் என்று அறிவித்து, நிறுவனர் என்று என் பெயருக்கு அட்டையும் அடித்துக்கொண்டேன். 3.8.2025 ஞாயிறன்று ஊரே செல்பேசியில் ஏற்றிக்கொண்டது.

மறுநாளிலிருந்து ஜீப் புறப்படவில்லை. இன்னும் பதினான்கு பேர் வேண்டும் என்று செயலி காட்டினால், பதின்மூன்று பேர் ஏறட்டும், நாம் கடைசியில் போவோம் என்று எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் முன்பதிவு வைத்தேன். பதினான்கு பேரும் பதிவு செய்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்கள். எந்தக் கோளாறுக்கும் அடுத்த பதிப்பே மருந்து என்பது எங்கள் தொழிலின் மூடநம்பிக்கை. எனவே ஐந்தாம் பதிப்பு வரை போனேன்.

நிச்சயதார்த்த நாளான 24ஆம் தேதி ஞாயிறு காலை 5.30க்கே பட்டுப்புடவையும் பழமும் அடுக்கிய சீர்த்தட்டோடு ஜீப்பில் ஏறி அமர்ந்தேன். என்னைத் தவிர அதில் ஸ்டெப்னி டயர் மட்டுமே இருந்தது. சேட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தபடி, “இன்னா சார், உங்க ஆப்பு வந்ததுலேர்ந்து என் வண்டில ஈ கூட ஏற மாட்டேங்குது” என்றான். முழு வாடகையும் தருகிறேன், என்னை மட்டும் இறக்கிவிடு என்று மன்றாடினேன். “வோணாம் சார். நெறையாம கெளம்புற வண்டின்னு பேராய்ட்டா அப்புறம் எவனும் வரமாட்டான்” என்று மறுத்துவிட்டான். எதிர்வீட்டுப் பாஞ்சாலை அன்று தங்கள் கலசப்பாக்கத்திலேயே இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவேண்டியவர். எட்டு மணிக்குத்தான் வாசலுக்கு வந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாருங்களம்மா என்றேன். “நீங்க மொதல்ல குந்துங்க சார். பதிமூணு ஆனதும் ஓடியாந்துர்றேன். வெயில்ல நான் இன்னாத்துக்குக் காயணும்? அதான் செல்லுல தெரியுதே!” என்றார்.

மணி 8.05 ஆனதும் பொறுமை இழந்து, நிறுவனர் என்ற உரிமையில், பதின்மூன்று பேர் ஏறிவிட்டதாகச் செயலியில் நானே பொய்க்கணக்கு ஏற்றினேன். மாப்பிள்ளை, அடுத்த நிமிடம் நான் கண்டதைத் திருவிழாவில்கூடக் கண்டதில்லை! கடைசி இடம் தனக்கே என்று நாற்பது பேர் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். பாஞ்சாலை வாயில் பற்பசை நுரையோடு முதலாவதாக வந்தார். “எனக்குத்தான் எடம்”, “அடச்சீ தள்ளு, செல்லுல பாத்துட்டுத்தான வர்றேன்” என்று ஒரே கூச்சல். வரிசை முறையை விளக்குவதற்காகச் சீர்த்தட்டைப் பாஞ்சாலை மடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே பதினான்கு நிறைந்தது. சேட்டு மூன்று வாரங்களாகக் கண்டிராத அக்காட்சியில் மெய்மறந்து வண்டியைக் கிளப்பிவிட்டான்.

அதன்பின் தட்டு மட்டும் வந்து சேர்ந்ததும், பாஞ்சாலையே என் இடத்தில் நின்று வரிசை வைத்ததும், பந்தியில் இருமுறை அமர்ந்ததும் தாங்கள் அறிந்தவை. செப்டம்பர் 4, வியாழக்கிழமை நடக்கும் திருமணத்தில், மணப்பெண் நெற்றியில் தாய்மாமன் கட்டவேண்டிய பட்டத்தையும் கட்ட அவரையே அழைத்திருக்கிறீர்களாம். அந்த ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். சிவசங்கரி பிறந்த அன்றே அவள் காதில் பெயர் சொன்னவன் நான். ஸ்டார்ட்அப்பைக் கலைத்துவிட்டேன், செயலியை 25ஆம் தேதி காலையிலேயே அடியோடு அழித்துவிட்டேன். செப்டம்பர் 2, செவ்வாயன்றே நடந்தாவது வந்து தங்கள் வாசலில் நிற்பேன். இது உறுதி.

மணமக்கள் பதினாறும் பெற்று, செயலி எதுவும் எழுதாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
கோபால்சாமி.

பி.கு.: 3.9.2025, புதன், காலை 6.40. கடிதத்தை மடித்து ஒட்டப் பசை தேடியதில் சற்றுத் தாமதம். இப்போதுதான் பாஞ்சாலை பட்டுச்சேலையில் என் வாசலைத் தாண்டி ஜீப்புக்குப் போனார். இத்தனை சீக்கிரமாகவா என்றேன். “அன்னிக்கு ஓடனது போதும் சார். மொதல் ஆளா போய்க் குந்திக்கிறேன்” என்கிறார். அவரிடமே இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். செயலியின் ஆறாம் பதிப்பு மிகத் துல்லியமாக இயங்குகிறது. இன்னும் பதின்மூன்று பேர் வேண்டுமாம். வெயிலில் நான் ஏன் காய வேண்டும்? மற்றவர்கள் ஏறியதும் ஓடிவந்துவிடுகிறேன்.