ஒட்டினபடியே போக வேண்டிய கவர்

மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து முத்திரைக்குத் தரையில் கால் பாவவில்லை. பத்து நாளாகப் பட்டியல் போட்டார். பட்டியலுக்கு ஒரு பட்டியல் போட்டார். இன்று மாலை நான்கு மணிக்குள் காகிதங்கள் கூரியரில் போயாக வேண்டும். போகாவிட்டால் இடம் போயே போச்சு.

"காகிதம் பக்கம் யாரும் வரக் கூடாது. நான் ஒருத்தன் போதும்!" என்று காலையிலேயே பிரகடனம் செய்தார்.

முத்திரை என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. அலுவலகத்துத் தபால் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, வருகிற உறையையெல்லாம் கிழித்து, 'பெறப்பட்டது' என்று குத்திக் குத்தி வந்த பெயர். வீட்டுக்கென்றே தனி முத்திரை ஒன்று செய்து வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைகூட அதற்குத் தப்பியதில்லை.

"என்னங்க, பள்ளிக்கூடத்து மதிப்பெண் கவர் மேசை மேல இருக்கு. அவங்க ஒட்டினபடியே போகணுமாம். பிரிச்சா செல்லாதாம்" என்றாள் மனைவி.

"எனக்கே தபால் பாடமா?"

"பாடம் இல்லைங்க. பயம்."

"நீ போய் அவ பெட்டிக்குப் பூட்டுத் தேடு, போ!"

வேலை சூடு பிடித்தது.

"அப்பா, ஃபோட்டோ!"

"வை!"

"பாஸ்போர்ட் நகல்!"

"வை! அடுத்தது!"

மகள் துள்ள, அப்பா விசிலடிக்க, கை தன் பாட்டுக்கு ஓடியது. கடைசியாகக் கவர் ஒன்று வந்தது. கை அதை எடுத்தது. ஓரத்தைக் கிழித்தது. உள்ளேயிருந்ததை உருவியது. டொப்!

மதிப்பெண்களுக்கு நட்டநடுவில், நீல மையில், இன்றைய தேதியோடு 'பெறப்பட்டது'.

பெற்ற பெண்ணின் படிப்பைத் தன் கையாலேயே கிழித்துவிட்டோமே என்று முத்திரைக்கு நிஜமாகவே கண் கலங்கியது. நல்லவேளை, மகள் அந்த நேரம் பேனா எடுக்கப் போயிருந்தாள். கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"எங்கங்க ஓடுறீங்க?"

"பசை வாங்க!"

"பசை டப்பா கையிலயே இருக்கே?"

"இது... இது பழைய பசை!"

"கவர் பத்திரமா இருக்கா?"

"என் நெஞ்சோட நெஞ்சா இருக்கு!"

அது பொய் இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு கால் செருப்பைக் காணோம்.

"அம்மா, இன்னொரு கவர் போட்டுக் கொடுங்கம்மா! என் பொண்ணு வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு. வீட்டுக்கு மட்டும் தெரியவே கூடாது!"

அலுவலக அம்மாள் கண்ணாடியை இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முத்திரை சாரா?"

"எப்படித் தெரியும்?"

"முதல்ல உட்காருங்க. உங்க வீட்டம்மா போன வாரமே வந்து ரெண்டு கவர் வாங்கிட்டுப் போனாங்க. ஒண்ணு மத்த காகிதங்களோட அன்னைக்கே கூரியர்ல போயாச்சு. ரசீதைக்கூட என்கிட்ட காட்டினாங்க."

முத்திரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் போகப் போகிறாள்! எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. அப்புறம்தான் சட்டைக்குள் ஏதோ குத்தியது.

"அப்ப இந்தக் கவர் எதுக்கும்மா?"

"அது நீங்க பிரிக்கிறதுக்கு சார்."