ஆள்காட்டிக்குக் கொடுத்த மூன்று அடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் நிலத்து வேலி கோணல்தான். போட்டது நான்தான். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுவதாக இல்லை.

அம்பத்தூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் தூக்கி ஓரம் போட்டுவிடுவேன். (அங்கே எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் இங்கே வேண்டாம்.) கோவில்பதாகைக்கு அப்பால் எங்களுக்குப் பத்து சென்ட் நிலமும் அதில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையும் உண்டு. அதை லாரி நிறுத்த விடப்போவதாக அப்பா சொன்னபோது, அந்தத் தொழில் திமிரில்தான் குதித்தேன்.

"எங்கிட்ட குடு நைனா. நான் பாத்துக்கறேன்."

"மொதல்ல வேலியப் போட்டுக் காட்டு. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன். சரியா இருந்தா சாவி உனுக்கு."

பழைய வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதன் வழியாக ஒரு கீரி வீட்டுக்காரர் மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. நான் நூல் பிடித்து, குழிக்குக் குழி அளந்து, கல் கால்களை நட ஆரம்பித்தேன். ஆறு கால்வரை அம்பு மாதிரி நேர்.

ஏழாவது குழிக்குக் கடப்பாரையை ஓங்கினேன். ஓர் ஆள்காட்டிப் பறவை கத்திக்கொண்டே என் மண்டையைக் குறிவைத்துப் பாய்ந்தது. தொழிற்சாலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால், ஜல்லிக்கு நடுவில் ஜல்லி நிறத்திலேயே நான்கு முட்டைகள்.

குழி தோண்ட வந்தவர், "எட்த்து அப்பால வெச்சிடலாமா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலியை வெளிப்பக்கம் தள்ளினால் பக்கத்து நிலம். ஆகவே மூன்று கால்களை மூன்று அடி உள்ளே தள்ளி நட்டு, அடியில் கான்கிரீட்டும் கொட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தனியாக வரவில்லை. சித்தப்பாக்கள் இருவரையும் கூட்டி வந்திருந்தார்.

"இன்னாம்மா இது? வேலி இங்க வந்து வயித்த உள்ள இய்த்துக்கினு கீது?"

"முட்டை இருக்கு நைனா. வந்து பாரு!"

பெருமையோடு அழைத்துப் போய்க் கையை நீட்டினேன். மூவரும் குனிந்தார்கள். ஜல்லி இருந்தது. முட்டை இல்லை. (குஞ்சுகள் பொரித்த அன்றே நடந்து போய்விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?)

"அரை அடிக்குக் கோர்ட்டு ஏறின குடும்பம் இது! பிடுங்கி நேரா நடு!"

"முடியாது நைனா."

"அப்ப சாவியும் கெடையாது."

அவர் போன பிறகு அறைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். கல் கால்களை மட்டும் பிடுங்கவில்லை. லாரிக்கு நிலம் கேட்டவரும் கோணல் வேலியைப் பார்த்துவிட்டு, ஏதோ எல்லைத் தகராறு என்று பயந்து ஓடிவிட்டார். பக்கத்து நிலத்து ஏழுமலை அண்ணனோ வேலி உள்வாங்கிய அந்த மூன்று அடியில் கூசாமல் கீரை விதைத்தார்.

அடுத்த வருடம் அப்பாவும் நானும் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது ஏழுமலை அண்ணன் தலையைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, உன் பறவ என் கீரைல முட்ட வெச்சிகினு கீது! கிட்ட போனா கொத்த வருது. உன் எடத்த நீயே எட்த்துக்கம்மா!"

"அது என் எடம் இல்ல அண்ணாத்தே. அதுங்கிட்டயே பேசிக்கோ."

அப்பா கம்பியை விட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இன்றும் கல்யாணப் பந்தியில் இடம் போதாவிட்டால், "பறவைக்கே மூணு அடி குட்த்தவ, எனுக்கு கொஞ்சம் நவுந்துக்க மாட்டியா?" என்பார் சின்னச் சித்தப்பா. நகர்ந்து உட்காருவேன். வேலியை நகர்த்த மாட்டேன். வேண்டுமானால் டேப் வைத்து அளந்து பார்க்கட்டும்: மூன்று அடி. மயிரிழைகூடப் பிசகவில்லை.