நேரமிருப்பின் பாடப்படும்

கிட்டத்தில் வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதையில்லை. இதில் வருகிற நாமெல்லாரும் இதே சைகோனில்தான் இருக்கிறோம்.

இசைக் கம்பெனி எதிலும் சேராமல் தனியாக ராப் பாடுகிற பிள்ளைகளைக் கைதூக்கி விடுவதென்று இங்குள்ள நம் தமிழர்கள் தீர்மானம் போட்டார்கள். சுயாதீன ராப் கலைஞர் முன்னேற்றக் குழு உதயமானது. அதற்குச் செயலாளர் கரியமாணிக்கம். பொறுப்பேற்ற அன்றே தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஊரின் தாவோ தியென் பகுதியில், ஆற்றோரமாக, இசை விழா.

டிஸ்ட்ரிக்ட் ஒன்னில் பைக் டாக்ஸி ஓட்டுகிற ரோசாலி, காரைக்கால் குடும்பத்துப் பெண், அவரிடம் மனு கொண்டு வந்தாள். அவளுக்கு வேண்டியது மேடையில் பத்து நிமிஷம். பாங்காக் விழாவுக்கு ஆள் எடுக்கிறவர் அன்றைக்கு முன்வரிசையில் இருப்பார்.

"கம்பெனி எதுலயும் இல்லைன்னு சான்று எங்கம்மா?"

"யார் கிட்ட வாங்கணும் சார்?"

"உன் கம்பெனி கிட்டதான்."

"கம்பெனியே இல்லையே சார்."

"அதையே அவங்க லெட்டர்ல எழுதித் தரட்டும். பாட்டு வரி ஏழு நாள் முன்னாடி, மூணு பிரதி."

"இது எதிராளியோட மாத்தி மாத்தித் திட்டி மோதிப் பாடறது. அவர் ஒண்ணு சொன்னாத்தான் எனக்குப் பதில் வரும்."

"அவர் என்ன சொல்வார்னும் நீயே எழுதிடு. திட்டு வாங்கறவர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும்."

ரோசாலி எதிராளி ஜலீலைத் தேடி மசூதித் தெருவுக்குப் போனாள். அவனும் தனியாகப் பாடுகிறவன்தான்.

"அண்ணே, உங்களை ஊசிப்போன நூடுல்ஸ்னு சொல்லப் போறேன். சம்மதமா?"

"நூடுல்ஸ் பரவாயில்ல. மூக்கைப் பத்தி மட்டும் பேசாத, அது எங்க வாப்பா மூக்கு."

கையெழுத்துப் போட்டான்.

விழா வந்தது. வரவேற்புரை, தலைமையுரை, கலைஞர் முன்னேற்றம் பற்றிக் கலைஞரல்லாத ஆறு பேரின் உரை, நாற்பத்திரண்டு பொன்னாடை. நிகழ்ச்சி நிரலின் அடியில் ஒரு வரி: 'நேரமிருப்பின், ராப் பாடப்படும்.'

நேரமில்லை. நன்றியுரை சொல்ல வேண்டியவரும் சாப்பாட்டுத் தட்டோடு நழுவிவிட்டார்.

"நான் சொல்லட்டுமா சார்? அதுக்கு அனுமதி வாங்கணுமா?"

"நன்றியுரைக்கு என்னத்துக்கும்மா அனுமதி? யாரு காதுல வாங்கறா."

ரோசாலி மைக்கைப் பிடித்தாள். பின்னாலிருந்த பையன்கள் தாளத்தைப் போட்டார்கள்.

*மேடை போட்ட செயலாளருக்கு நன்றி,*
*எங்கள மேல ஏத்தாமக் காத்ததுக்கும் நன்றி.*
*தொப்பியைத் திருப்பிப் போட்டீங்க, நன்றி,*
*உள்ள தலை திரும்பல, அதுக்கும் நன்றி.*

தன்னைப் பற்றிய வரி வந்ததும் கரியமாணிக்கம் எழுந்து நின்று, நாலு பக்கமும் கும்பிட்டார். அடுத்தடுத்துத் தங்கள் வரி வந்தபோது ஆறு உரையாளரும் அப்படியே கும்பிட்டார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் பொன்னாடைத் தட்டு ஏந்திய காமாட்சியம்மாளுக்கு முகம் தொங்கிவிட்டது.

"என்னை விட்டுட்டியேம்மா."

"நீங்க என்னம்மா பண்ணீங்க?"

"போர்த்தின பொன்னாடையை மடிச்சு, திரும்பத் தட்டுல வச்சேன். மொத்தமே ஏழுதானே."

அதையும் வரி பிசகாமல் பாடினாள். அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு விட்டுப்போனவர்கள் எல்லாரும் வரிசை கட்டினார்கள். பாட்டை ஒரு தரமும் கேட்காமல் செல்போனில் படம் மட்டும் பிடித்தவர்கள், அனுமதிச்சீட்டு ஓசியில் வாங்கியவர்கள், ஒருத்தர் பாக்கியில்லை. பாங்காக் விழாக்காரரும் என்னவென்று தெரியாமலே வந்து நின்றார். கரியமாணிக்கம் மறுபடியும் நின்றார்: "எனக்கு நாலு வரிதான் வந்தது." நானும் நின்றேன். நீங்களும் எனக்கு மூன்று ஆள் முன்னால் நின்றீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள். அவள் கேட்ட பத்து நிமிஷம் ஒன்றேகால் மணி நேரமாகியும் திட்டு வாங்காமல் வீட்டுக்குப் போக யாருக்கும் மனசில்லை.

ரோசாலி வரிசையின் நீளத்தைப் பார்த்தாள். கூட்டத்திலிருந்த ஜலீலை மேடைக்குக் கூப்பிட்டு, இன்னொரு மைக்கைக் கையில் கொடுத்தாள்.

"இடப்பக்கம் நிக்கறவங்களுக்கெல்லாம் நீங்க நன்றி சொல்லிடுங்க அண்ணே."